அலங்காரி போட்ட மாலை

முன்னொரு காலத்தில் ஏரிகள் நிறைந்த வேங்கை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். காத்திருக்க மட்டும் தெரியாது. யாராவது "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் பாடசாலைக்குப் போய், பதினாறு வயதுப் பிள்ளைகளை நிறுத்தி, "என்ன ஆகப்போகிறீர்கள்?" என்று கேட்டான். ஒருவன் காலைப் பார்த்தான். ஒருத்தி பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். ராஜா கொட்டாவி விட்டான்.

பிரதானி கேசவராயர் அதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். "மகாராஜா, வாரிசில்லாத இந்த நாட்டுக்குத் தங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேர்ந்தெடுத்தது யார்? பட்டத்து யானை. சந்தையில் மாம்பழம் வாங்கிக்கொண்டிருந்தவர் கழுத்தில் நேராக வந்து மாலை போட்டது. ராஜாவையே கண்டுபிடித்த தும்பிக்கைக்கு ஒரு வைத்தியரையும் ஒரு தச்சரையும் கண்டுபிடிக்கத் தெரியாதா?"

ராஜா துள்ளி எழுந்தான். "நாளைக் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம்!"

கடைசி வரிசையில் அரியநாச்சி நின்றிருந்தாள். உப்பு வண்டிக்காரர் மகள் அவள். போன கோடையில் அவர்கள் வண்டிக்காளை காலில் சீழ் வைத்து நடுவழியில் செத்துப்போனது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. மனிதருக்கும் மாட்டுக்கும் மருந்து கற்றுத்தரும் அரண்மனை வைத்தியசாலையில் வருஷத்துக்கு ஒருவரைத்தான் சேர்ப்பார்கள். இந்த வருஷம் அவளைத்தான் அனுப்பப்போவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். தன் மகன் முகுந்தன் இருக்க, உப்பு விற்பவர் பெண்ணா என்று கேசவராயருக்குத் தூக்கமில்லை.

மறுநாள் மைதானம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அரியநாச்சிக்குப் பக்கத்தில் முகுந்தன். அவனிடமிருந்து வெல்ல வாசனை வந்தது.

"முதலில் வைத்தியம்!" என்று கூவினார்கள்.

பட்டத்து யானை அலங்காரி மாலையோடு வந்தாள். வலது முன்காலை ஊன்றாமல் ஊன்றி நடந்தாள். அந்த நடையை அரியநாச்சி தன் காளையிடம் முன்பே பார்த்திருக்கிறாள். யானை அவளைத் தாண்டிப்போய் முகுந்தன் கழுத்தில் மாலையைப் போட்டது. பிறகு அவன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே நின்றது.

கூட்டம் ஆரவாரித்தது. அரியநாச்சிக்குக் கண் கலங்கியது. ஆனால் பார்வை யானையின் காலைவிட்டு நகரவில்லை.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம்."

"ஏன், தோற்றுவிட்டோம் என்று அழுகையா?" என்றார் கேசவராயர்.

"இல்லை ஐயா. வைத்தியர் கிடைத்துவிட்டார். முதல் நோயாளியும் எதிரிலேயே நிற்கிறாள். அலங்காரிக்கு வலது காலில் வலி. தேர்ந்தெடுத்தவளே முதலில் காலை நீட்டட்டுமே."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி ஓடிவந்தான். அலங்காரி என்றால் அவனுக்கு உயிர். "முகுந்தா, பார்! உடனே பார்!"

"நல்ல நேரம் பார்த்து..." என்று இழுத்தார் கேசவராயர்.

"அவளுக்கு வலி இப்போது, ஐயா!" என்றான் ராஜா.

பாகன் சொன்னதும் அலங்காரி காலைத் தூக்கினாள். முகுந்தன் குனிந்தான். உள்ளங்காலில் வீங்கிச் சிவந்த புண். தொடப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். யானையோ அவனை நம்பி அசையாமல் நின்றது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாது, மகாராஜா."

"பிறகு இவள் எப்படி உன்னைத் தேர்ந்தெடுத்தாள்?"

முகுந்தன் அப்பாவைப் பார்க்காமல் கையை நீட்டினான். "முகர்ந்து பாருங்கள்."

ராஜா முகர்ந்தான். "வெல்லம்!" என்றான். அப்புறம் அவன் முகம் மெல்ல மாறியது. "அப்படியானால்... மாம்பழம்... என் கொள்ளுத்தாத்தா..."

மந்திரிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள்.

அரியநாச்சிக்கு ராஜாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "மாலை மாம்பழத்துக்கே விழுந்திருக்கட்டும், மகாராஜா. அதற்கப்புறம் இத்தனை ஏரி வெட்ட அவர்தானே கற்றுக்கொண்டார்? அது யானை கொடுத்தது இல்லையே."

ராஜா கொட்டாவி விடாமல் யோசித்தான். அவன் வாழ்நாளிலேயே அதுதான் நீண்ட யோசனை.

"சரி, நீ பார் அவள் காலை."

"எனக்கும் தெரியாது."

"அடிப்பாவி! பிறகு எந்தத் தைரியத்தில் பேசினாய்?"

"தெரியாததால்தானே படிக்க இடம் கேட்கிறேன்? தெரிந்தவர் வைத்தியசாலையில் இருக்கிறார். அவரைக் கூப்பிடுங்கள். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்."

"இடம் உனக்குத்தான்!" என்று ராஜா சிரித்துவிட்டான். வைத்தியருக்கு ஆள் ஓடியது. "நீ என்ன செய்வாய், முகுந்தா?"

"ஏரியில் மதகு கட்டுகிறார்கள். தினமும் போய்ப் பார்க்கிறேன். அவ்வளவு தண்ணீர் ஒரு பலகைக்கு எப்படிக் கட்டுப்படுகிறது என்று..."

"மண் சுமக்கவாடா உன்னை வளர்த்தேன்?" என்றார் கேசவராயர்.

"அவன் மதகு கட்டட்டும், ஐயா," என்றான் ராஜா. " சுமக்க உமக்கும் வேலை உண்டு. கால் ஆறும்வரை அலங்காரிக்குத் தினமும் வெல்லக்கூடையை நீரே தலையில் சுமந்து வாரும். அவளுக்குப் பிடித்தது உமக்குத்தானே தெரியும்!"

பிறகு ராஜா ஆணையிட்டான். பதினாறு வயதில் யாரும் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பட்டறைக்கும் எந்தக் கல்விச்சாலைக்கும் போய்ப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். கதவு திறந்திருக்கும்.

வருஷங்கள் போயின. அலங்காரிக்கு மறுபடியும் கால் வீங்கியது. இம்முறை அரியநாச்சியே வந்து உட்கார்ந்து புண்ணைக் கழுவினாள். ராஜா தரையில் காத்திருந்தான். தலை நரைத்திருந்தது.

"இப்போது தெரியுமா?"

"இந்தக் காலைத் தெரியும், மகாராஜா."

தும்பிக்கை இறங்கி வந்து அவள் உள்ளங்கையைத் தேடியது. வெல்லம் இல்லை. வேப்பெண்ணெய் நாற்றம்தான். ஆனாலும் அங்கேயே இருந்தது.