எல்லோருக்கும் ஏற்ற சாறு

வேலாயுதப் பெருமாள் அரசு உணவுப் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். மிளகாய்த்தூளில் செங்கல் பொடி, டீத்தூளில் சாயம் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, பார்க்கிற எதன் மேலும் ஆத்திரப்படுகிற ஆளாகிப் போனார். கூடவே ரத்தக் கொதிப்பும் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு, இந்தக் கோபத்தை எப்படியாவது விட்டுத் தொலைக்க வேண்டும் என்று செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தை நடத்திய பொன்னுத்தாய் அம்மா அவரை விடப் பதினெட்டு வயது இளையவர். முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உபதேசம் என்று எதுவும் செய்ய மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்வார். இல்லையென்றால் ஒரு வேலை கொடுப்பார்.

பெருமாள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கோபம் குறைந்திருந்தது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மடத்து வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. ஒரு பானக் கம்பெனி, அன்னதானத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி முந்நூறு டின் காய்கறிச் சாறு அனுப்பியிருந்தது. தக்காளி, கேரட், பீட்ரூட், கீரை எல்லாம் சேர்த்துப் பிழிந்தது. டின்னின் முகப்பில் பச்சை நிறத்தில் பெரிய எழுத்து: ‘உப்பு மிகக் குறைவு. இதயத்துக்கு இதம். எல்லோருக்கும் ஏற்றது.’

பெருமாள் பழக்க தோஷத்தில் டின்னைத் திருப்பி, பின்பக்கத்து அட்டவணையைப் படித்தார். கொழுப்பு இல்லை. நார்ச்சத்து இரண்டு கிராம். வைட்டமின் ஏ, சி தாராளம். சோடியம், சாதாரணச் சாற்றில் இருப்பதில் கால் பங்கு கூட இல்லை.

அந்த வரியில் அவர் விரல் நின்றது. அவருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது.

“பரவாயில்லையே!” என்றார். அவர் ஒரு டின்னைப் பார்த்து அப்படிச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அன்று மதியம் அடுக்களைக்குப் போனார். அங்கே பேச்சியம்மாள் தனக்கான காயை வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. பீடி சுற்றிப் பிழைத்தவள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு முறை பெரியாஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவாள். மற்ற நாளெல்லாம் மடத்து அடுக்களையில் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

அவள் கேரட்டைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் விட்டு வேகவைத்தாள். அதையும் கொட்டினாள்.

“என்ன செய்யுற பேச்சி? சத்தையெல்லாம் சாக்கடைக்கு வார்த்துக்கிட்டு இருக்கியே!”

“ஆஸ்பத்திரியில இப்படித்தான் சாப்பிடச் சொன்னாவ அய்யா.”

“எந்தக் காலத்துல சொன்னாங்க? வெறும் சக்கையைத் தின்னா ஒடம்புல என்ன இருக்கும்? உப்பைக் குறைக்கச் சொன்னாங்கல்ல?”

“ஆமா, சொன்னாவ.”

“அப்போ இதைக் குடி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. உப்பே கிடையாது. அத்தனை காயும் இதுக்குள்ள இருக்கு.”

பேச்சியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு டின்னை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க இதுலயே ஊறினவுக.”

வெள்ளி, சனி, ஞாயிறு குடித்தாள். திங்கட்கிழமை காலையிலும் குடித்தாள். மதியத்துக்கு மேல் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை என்றாள். நெஞ்சு என்னவோ செய்கிறது என்றாள். நான்கு மணிக்கு அரிவாள்மனைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள்.

ஆம்புலன்சில் பெருமாள் கூடவே போனார். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி ஒன்று அடித்து, அடுத்தது வருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உடனே மெஷினில் இணைத்தார்கள். பெண் டாக்டர் வெளியே வந்து கேட்டார்.

“நாலு நாளா என்ன சாப்பிட்டாங்க?”

“தப்பா ஒண்ணும் சாப்பிடல டாக்டர். காய்கறி ஜூஸ்தான். உப்பு குறைஞ்சது.”

“டின் இருக்கா?”

அவர் பையில் ஒன்று இருந்தது. தனக்காக எடுத்து வைத்திருந்தது. டாக்டர் அதைத் திருப்பி, சோடியத்துக்கு அடுத்த வரியைக் காட்டினார். பொட்டாசியம். ஒரு டின்னில் எண்ணூற்று ஐம்பது மில்லிகிராம். அதற்கும் கீழே, சேர்மானப் பட்டியலின் நடுவில், கடுகளவு எழுத்தில்: பொட்டாசியம் குளோரைடு.

“உப்பைக் குறைச்சிட்டு ருசிக்கு இதைச் சேர்த்திருக்காங்க. நமக்கு இது பிரச்சினை இல்ல. பிரஷர்காரங்களுக்கு நல்லதுன்னுகூடச் சொல்லலாம். இவங்களுக்கு இதை வெளியேத்துற கிட்னி இல்லையே. காயை வேகவச்சுத் தண்ணியை வடிச்சுக் கொட்டச் சொல்றதே இதுக்காகத்தான். ரத்தத்துல ஏறினா இதயம் நின்னுடும். இன்னும் ஒரு மணி நேரம் தாமதிச்சிருந்தா...”

டாக்டர் முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் பேச்சியம்மாள் கண் திறந்தாள். கட்டிலருகில் நின்றவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“நீங்க மனசைப் போட்டு அலட்டிக்கிடாதீங்க அய்யா. என் நேரம்.”

அவர் வெளியே வந்தார். பஸ் ஏறி மடத்தில் இறங்கும்போது அவர் காது மடல் சிவந்திருந்தது. நேராகச் சரக்கறைக்குப் போனார். அடுக்கி வைத்திருந்த டின்களை ஒரு உதை விட்டார். மூலைக்கு மூலை உருண்டன. சத்தம் கேட்டுப் பொன்னுத்தாய் அம்மா வந்து நின்றார்.

“கொலைகாரப் பயலுவ!” என்றார் பெருமாள். “எல்லோருக்கும் ஏற்றதாம்! யாரைக் கேட்டு எழுதினான்? ஒரு கிட்னி நோயாளியைக் கேட்டானா? ‘உப்பு குறைவு’ன்னு இம்மாம் பெரிய எழுத்து. சேர்த்த விஷத்துக்குப் பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும். தானம்னு சொல்லி நம்ம வாசல்லயே கொண்டாந்து எறக்கிட்டுப் போயிருக்கான்!”

அம்மா ஒரு டின்னைக் குனிந்து எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“பேச்சிக்கு எப்படி இருக்கு?”

“பொழைச்சிட்டா. அதுவா விஷயம்? அம்மா, இங்க வந்த நாள்லருந்து கோபத்தை விடணும், விடணும்னு கிடக்கேன். இன்னைக்கு ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. இந்த மாதிரி நியாயமான கோபத்தையும் விட்டுத்தான் ஆகணுமா?”

“விடச் சொன்னேனா?”

அவர் விழித்தார்.

“வீணாக்காதீங்க. உக்காந்து எழுதுங்க. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு மனு. நடந்தது எல்லாம் இருக்கணும். எழுதிட்டு வந்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க.”

பெருமாள் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று மணிக்கு நான்கு பக்கத்தோடு வந்தார். அம்மா கிணற்றடியில் பேச்சியம்மாளின் சேலைகளை அலசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

“படிங்க.”

அவர் நின்றபடியே படித்தார். நல்ல மனு. சட்டப் பிரிவுகள் இருந்தன. எழுத்தின் அளவு எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று இருந்தது. ‘எல்லோருக்கும்’ என்ற ஒரு சொல்லுக்கே ஒரு பக்கம் எழுதியிருந்தார். குரல் கணீரென்று வந்தது.

“மேற்படி டின்கள் வெள்ளிக்கிழமை மடத்தில் வந்து இறங்கின. முகப்பில் இருந்த வாசகத்தை நம்பி, பேச்சியம்மாள் என்ற ஏழை நோயாளி அவற்றைக் குடிக்க நேர்ந்தது...”

“அந்த எடத்தை இன்னொரு தடவை படிங்க.”

“மேற்படி டின்கள் வெள்ளிக்கிழமை மடத்தில் வந்து இறங்கின. முகப்பில் இருந்த வாசகத்தை நம்பி, பேச்சியம்மாள் என்ற...”

நிறுத்தினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“ஒண்ணுமில்ல.” தொண்டையைச் செருமினார். “பேச்சியம்மாள் என்ற ஏழை நோயாளி...”

அம்மா சேலையைப் பிழிந்தார். முறுக்கின துணியிலிருந்து தண்ணீர் கல்லில் கொட்டியது.

“பேச்சிக்குப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

பெருமாள் தாளைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்குத் தாவி, மளமளவென்று படித்து முடித்தார். அதற்குள் குரல் இறங்கியிருந்தது.

“அனுப்பக் கூடாதா அம்மா?”

“கட்டாயம் அனுப்பணும். அந்த எழுத்தை அவங்க எடுத்தே ஆகணும். இன்னொரு வீட்டுல ஒருத்தி சாயக் கூடாது. நாளைக்கு நானே பதிவுத் தபால்ல போட்டுட்டு வாரேன்.”

அவருக்கு மூச்சு வந்தது. தாள்களை மடித்தார்.

“உங்க பேரு இதுல எங்க இருக்கு?”

“கடைசியில இருக்கு அம்மா. மனுதாரர்னு போட்டு, கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

அம்மா சேலையை உதறிக் கொடியில் போட்டார். மடிப்பு விழாமல் நீவிவிட்டார். பிறகு திரும்பி, ரொம்பத் தன்மையாகக் கேட்டார்:

“அங்க மட்டும்தானா?”