கால் படாத தண்ணி

"வீட்டோட கிடக்கிற பொம்பளைக்கு ஒரு குட்டைத் தண்ணியைச் சுத்தமா வச்சுக்கத் துப்பில்லை."

இதான் அவன் சொன்னது. நான் ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை. எவன்னா கேக்குறே? சொல்றேன், முதல்ல காலை ஆட்டாம படு. தலையணையைக் கடிக்காதே. நடுவுல நடுவுல "ம்" கொட்டணும், கொட்டலைன்னா நான் பாட்டுக்கு எழுந்து போயிடுவேன், எனக்கு அடுக்களையில வேலை கிடக்கு.

ஒரு ஊர்ல ஒரு கொல்லை. திருச்சிப் பக்கம்னு வச்சுக்கோயேன். அந்தக் கொல்லையில ஒரு குளம். குளம்னதும் தெப்பம் விடற குளமா நினைச்சுக்காதே, நம்ம ஹால்ல பாதிகூட வராது. சிமெண்ட் பூசி, ஓரத்துல கருங்கல் பதிச்சு, நடுவுல ஒரு அல்லிக்கொடி. அதை ஆசைப்பட்டு வெட்டச் சொன்னவ அந்த வீட்டு மருமக, சுகந்தி. துப்பில்லைன்னவன் அவ புருஷன், தாயுமானவன். பேரைப் பாரு, தாயும் ஆனவனாம். பெத்த தாய்க்கு மட்டும் பிள்ளையா இருந்தான், மத்தபடி யாருக்கும் எதுவும் ஆனதில்லை. அந்தத் தாய் பேர் விசாலம். மனசு என்னவோ அவ்வளவு விசாலம் இல்லை.

ம்.

சுகந்திக்கு அந்தக் குளம் எதுக்குன்னா, உக்காரத்தான். சிரிக்காதே. அந்த வீட்டுல அவ எங்க உக்காந்தாலும் யாராவது எதையாவது கேப்பாங்க. சோபால உக்காந்தா ஒரு காபி. கட்டில்ல உக்காந்தா, பகல்ல என்ன படுக்கைன்னு ஒரு பேச்சு. ஊஞ்சல்ல உக்காந்தா, அது மாமா உக்காந்த இடம், எழுந்திரு. குளத்தங்கரையில உக்காந்தா மட்டும் மீனுக்குப் பொரி போடறான்னு விட்டுருவாங்க. சாயங்காலம் விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம். அது ஒண்ணுதான் அந்த வீட்டுல அவளோடது.

மீனுக்குப் பேரா? இருந்துச்சு. வயிறு தள்ளி மெதுவா வருமே, அது தாசில்தார். எப்பப் பாத்தாலும் அடுத்ததோட வாலைக் கடிக்கிறது நாத்தனார். போதுமா?

அப்புறம் சித்திரை வந்துச்சு. வெயில் பிளக்குது. தண்ணி லேசா பச்சையாச்சு. அப்புறம் கீரை மசிச்ச மாதிரி பச்சையாச்சு. அப்புறம் நூல் நூலா, கூந்தல் கூந்தலா பாசி. கையை விட்டா விரல்ல சுத்திக்கும், வழவழ கொழகொழன்னு. விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து "பப், பப்"னு வாயைத் திறக்கும், மூச்சுக்கு.

அதே சித்திரையில தாயுமானவன் ஒரு கார் வாங்கினான். கார் தெருவுல வெயில்ல நின்னுச்சு. அவனுக்கு வயித்தெரிச்சல். அப்போதான் சுகந்தியைக் கூப்பிட்டு அந்தத் துப்பில்லைப் பேச்சு. அதோட விட்டானா? ஆவணி பிறக்கட்டும், அதுக்குள்ள தண்ணி தெளியலைன்னா ஒரு லோடு கப்பிக்கல்லைக் கொட்டி மூடி மேல காரை நிறுத்திடுவேன்னுட்டான். மாமியாரும் ஒத்து ஊதினா. நல்ல மருமக கை பட்டா தண்ணி தெளியுமாம், இவ கை பட்டுத்தான் இப்படி ஆச்சாம்.

மயில்துத்தம் ஒரு பிடி போட்டா ஒரே நாள்ல பாசி சாகும்னு யாரோ அவன் காதுல ஓதியிருந்தாங்க. சுகந்தி முடியாதுன்னா. பாசி மட்டுமா சாகும், தாசில்தாரும் சேந்துல்ல சாவார்? அவ கான்வென்ட்ல பாட்டனி படிச்சவ, தாவரத்துக்கு வெளிச்சமும் சோறும் வேணும், அதை நிறுத்தினா தானா அடங்கும்னு அவளுக்குத் தெரியும். விஷம் வைக்காமலே தெளிய வைக்கிறேன்னு சொல்லிட்டு முந்தானையைச் செருகினா.

முதல்ல கையால எடுத்தா. குளத்துக்குள்ள இறங்கினா சுலபம், ஆனா இறங்கக் கூடாது. குளம் வெட்டி முடிச்சப்போ மாமியார் அதுல காசித் தண்ணியை ஊத்தி, இனிமே இது கங்கை, யாரும் காலை விடக்கூடாதுன்னுட்டா. அதனால கரையில குப்புறப் படுத்து, ஒரு மூங்கில் கழியில தென்னை ஈர்க்கைக் கட்டி, "சளக், சளக்"னு சுத்திச் சுத்தி எடுத்தா. நூடுல்ஸைச் சுத்தி எடுப்பியே, அந்த மாதிரி. அன்னக்கூடை அன்னக்கூடையா வழிச்சு வாழைக்கு எருவா போட்டா. முதுகு விட்டுப் போச்சு. தண்ணி தெளிஞ்சுது. ஒரு வாரம். அப்புறம் திரும்பவும் பச்சை.

ம் கொட்டு.

ரெண்டாவதா வெயிலை மறைச்சா. அல்லிக் கிழங்கைப் பிரிச்சு தொட்டி தொட்டியா வச்சு உள்ள இறக்கினா. இலை விரிஞ்சு குளத்துல பாதிக்கு மேல குடை பிடிச்சுது. பொரி போடறதையும் நிறுத்திட்டா, மீன் திங்காம விட்டது அழுகி பாசிக்குத்தானே சோறு. மீனுங்க புழுவைத் தின்னு பிழைச்சுக்கிச்சு. நத்தை வேற கொண்டுவந்து விட்டா, அதுங்க பாட்டுக்குச் சுவரை நக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்துச்சு. அப்புறம் இலைக்கு அடியிலேயே பச்சை. நிழல்லயும் வளருதுன்னா அது என்ன பாசியா, பிசாசா?

மூணாவதா வைக்கோல். பழைய வெங்காய வலைப்பையில வைக்கோலைத் திணிச்சு, ஒரு கல்லைக் கட்டி "தொபுக்"குன்னு போட்டா. அது மெல்ல ஊறி மக்கி, பாசியை வளரவிடாம பண்ணும். ஆனா பொறுமை வேணும், மாசக் கணக்காகும். தாயுமானவன் வந்து பாத்துட்டு, குளத்துல மாட்டுக்குத் தீனி வச்சிருக்கியான்னு கேட்டான். கேட்டுட்டு அவனே சிரிச்சான். அவன் ஜோக்குக்கு எப்பவும் அவன்தான் முதல்ல சிரிப்பான்.

மாசம் ஓடுச்சு. ஆனி வந்துடுச்சு. தண்ணி பச்சைதான்.

அப்போ சுகந்தி உக்காந்து யோசிச்சா. கையால எடுத்தாச்சு. வெயிலை மறைச்சாச்சு. பொரியை நிறுத்தியாச்சு. இவ்வளவுக்கு அப்புறமும் ஒண்ணு கொழுக்குதுன்னா, யாரோ அதுக்குச் சோறு போடறாங்க. யாரு?

நீ சொல்லு பாப்போம். தாசில்தாரா? அடப்போடி.

மறுநாள் காலையில அடுப்புல பாலை வச்சுட்டு, காபி போடற நேரத்துக்குக் கொல்லைக்கதவு இடுக்கு வழியா பாத்தா. பூஜை அறையிலேர்ந்து மாமியார் வரா. கையில ஒரு பெரிய வெள்ளிச் சொம்பு. சொம்பு வழிய அபிஷேகத் தீர்த்தம். அந்த வீட்டுல ஒரு ஸ்படிக லிங்கம் உண்டு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதுக்கு தினம் பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம். கட்டைவிரல் அளவு சாமிக்கு வளைகாப்புக்கு ஆகிற பால். சாமி குடிக்கவா போகுது? எல்லாம் சொம்புக்கு வந்து, சொம்பு குளத்துக்கு வந்து, "கொளகொளகொள". மேல நாலு பூ. கடைசியா விரல்ல ஒட்டின வாழைப்பழத்தையும் தண்ணியில அலம்பிட்டுப் போனா.

உள்ள அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது. சுகந்தி அசையலை.

பால் துளசிக்குத்தான் போகுதுன்னு அவ நினைச்சிட்டிருந்தா. முதல்ல அங்கதான் போயிருக்கு. எறும்பு மொய்ச்சு துளசி பட்டுப்போனதும் அத்தைக்காரி சத்தமில்லாம இடத்தை மாத்திட்டா.

அன்னிக்கே போய் மெதுவா சொன்னா. அத்தை, பாலும் பழமும் தண்ணியில அழுகி அதான் பாசியாகுது, அதை வாழையடியில ஊத்தினா வாழையும் செழிக்கும், குளமும் தெளியும்னு. கோவமே படலை, அவ்வளவு பதவிசா சொன்னா.

மாமியாரும் கோவப்படலை. குழந்தைக்கு விளக்கற மாதிரிதான் சொன்னா. "சாமி பாலைக் கால் படற இடத்துல ஊத்தக் கூடாது. வாழையடியில உன் கால் படுதே."

என்ன, புரியலையா? புரியாம இருக்கறதே நல்லது. வேலைக்காரி அங்கதான் பாத்திரம் கழுவுவா, தாயுமானவன் அங்கதான் செருப்போட நின்னு போன் பேசுவான், அதெல்லாம் கால் இல்லை. மருமக கால்தான் கால். வீட்டுல அவ கால் படாத இடம் எதுன்னு தேடித் தேடிக் கண்டுபிடிச்சு, அங்கேயே கொண்டுபோய் ஊத்தியிருக்கா மகராசி.

சுகந்தி அதைப் புருஷன்கிட்ட சொன்னா. அவன் பேப்பரை மடிக்காமலே, அம்மா முப்பது வருஷமா பூஜை பண்றாங்க, நீ வந்துதான் பாசி வந்துச்சுன்னான். அம்மா முப்பது வருஷமா பூஜை பண்றது சரி, குளம் இருந்துச்சா அப்போ? கேக்கலை. கேட்டிருக்கணும். அந்த மாதிரி பேச்செல்லாம் பாத்திரம் தேய்க்கிறப்பதான் வாயில வரும்.

தூங்கிட்டியா? சரி, "ம்" சன்னமா வருது. கேளு.

அப்போ மாமியாரோட பொண்ணு, தஞ்சாவூர்ல இருக்கிறவ, வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டா. ஐயோ பாவம்தான். மாமியார் லிங்கத்தைப் பட்டுத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டு பஸ் ஏறினா. கொல்லையில சொம்புச் சத்தம் நின்னுச்சு.

சுகந்தி தினமும் ரெண்டு குடம் பழைய தண்ணியை மொண்டு வாழைக்கு விட்டு, ரெண்டு குடம் புதுத்தண்ணி ஊத்தினா. வைக்கோல் உள்ள மக்கிக்கிட்டு இருந்துச்சு. நத்தை நக்கிக்கிட்டு இருந்துச்சு. அல்லி குடை பிடிச்சுது. அப்புறம் ஒரு நாள் காலையில போய்ப் பாத்தா, அடியில கிடந்த கூழாங்கல் தெரியுது. ஒவ்வொண்ணும் தனித்தனியா. தாசில்தார் அதுமேல மெதுவா போறார், அவர் நிழல் அவருக்கு முன்னாடி போகுது. சுகந்தி அன்னிக்குச் சாயங்காலம் விளக்கு வைக்க மறந்துட்டா.

தாயுமானவன் வந்து எட்டிப் பாத்தான். நான் ஒரு சத்தம் போட்டதுக்கு அப்புறம்தானே வேலை நடக்குதுன்னான். முகத்துல சந்தோஷம் மட்டும் இல்லை. கார் இன்னும் தெருவுல நிக்குதில்ல.

ஆடிப்பூரத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்தான். ஆடி மாசம்னா சும்மாவா, பால் ரெட்டிப்பு. இளநீர் வேற. சந்தனம் வேற. "கொளகொளகொள." சுகந்தி பின்னாடியே கழியை எடுத்துக்கிட்டு ஓடுவா. பூவைப் பொறுக்கலாம், பழத்தை அள்ளலாம், தண்ணியில கலந்த பாலை எப்படி எடுக்கறது? முதல்ல கூழாங்கல் மங்குச்சு. அப்புறம் நிழல் போச்சு. அப்புறம் மீனே போச்சு, பச்சைக்குள்ள.

ஆவணி பிறந்துச்சு. நல்ல நாள் பாத்து லாரியை வரச்சொன்னான். குளத்தை மூடவும் முகூர்த்தம் பாத்த வீடு அது.

லாரி பின்பக்கமா சந்துக்குள்ள வருது, "பீங்... பீங்... பீங்..." மேல முழுக்கக் கப்பி. டிரைவர் எட்டிப் பாத்து, உள்ள மீன் இருக்கே சார்னான். தாயுமானவன் அதைக் காதுல வாங்கலை. சுகந்தி குளத்துக்கு முன்னாடி வந்து நின்னா. அவளுக்கு அழுகை வரலை, வந்திருந்தா சௌகரியமா போயிருக்கும், அழுதுட்டு உள்ள போயிருப்பா.

டிரைவர் முன்னாடி அவனுக்கு நியாயஸ்தன் ஆகணும்னு ஆசை. "நாலு மாசம் டைம் குடுத்தேன். ஏன் தெளியலைன்னு ஒரே ஒரு காரணம் சொல்லு, லாரியை இப்பவே திருப்பி அனுப்பறேன்"னான்.

அப்போ கொல்லைக்கதவு திறந்துச்சு. பூஜை முடிச்சுட்டு மாமியார் வரா. கையில சொம்பு. வழிய வழிய.

தாயுமானவன் சொம்பைப் பாத்தான். பாத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டான். அப்பதான் சுகந்திக்குத் தெரிஞ்சுது, அவனுக்கு எல்லாம் தெரியும். அவ சொன்ன அன்னிக்கே தெரியும்.

அவ அவனை விட்டுட்டு மாமியாரைப் பாத்து, கொல்லையில இருந்த எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா.

"அத்தை, வாழையைச் சுத்தி நானே செங்கல் அடுக்கித் தரேன். யார் காலும் படாது. என் கால் அந்தப் பக்கமே வராது. இன்னிக்கு ஒரு நாள் பாலை அங்க ஊத்துங்க."

லாரி உறுமிக்கிட்டு நிக்குது. டிரைவர் தாயுமானவன் மூஞ்சியைப் பாக்கறான். தாயுமானவன் அம்மா மூஞ்சியைப் பாக்கறான். அம்மா சொம்பைப் பாக்கறா.

கதை கரையிலயே நிக்கட்டும், நீ கண்ணை மூடு.