ராஜாவின் கை விழும்போதெல்லாம்

முன்னொரு காலத்தில் ரணசூரர் என்று ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நல்ல மனுஷர். ஆனால் பாட்டென்று வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. தொடையில் தட்டித் தாளம் போடுவார். ரசிக்க ரசிக்கக் கை ஓட்டமெடுக்கும். பாட்டு ஒரு தெருவில் போகும், கை அடுத்த தெருவில் போகும். சபையிலிருந்த தலைகளோ பாட்டை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தே ஆடும். வயிற்றுப்பாடு ஆயிற்றே!

அப்படி ஆடாத தலை ஒன்றே ஒன்று. அது சபையில் ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் கனகசபையின் தலை. அவருடைய கைத்தாளத்தில் ஒரு தட்டு இரும்பு, மற்றது வெண்கலம். இரண்டும் விளிம்பில் தொட்டுச் சட்டென்று பிரிந்தால் ‘ஜிங்’ என்று கேட்கும். அந்த ஒலியில்தான் அவர் மகள் மங்களவல்லியின் பாதம் இறங்கும்.

ஒரு நாள் அவள் ஆடிக்கொண்டிருந்தபோது ராஜாவின் கை வழக்கம்போல் முந்திக்கொண்டது. பாவம் அந்தப் பெண், தகப்பனார் தாளத்துக்கு ஆடுவதா, ராஜாவின் கைக்கு ஆடுவதா என்று மிரண்டுபோய், கால் பின்னி விழுந்துவிட்டாள்.

முதல் மந்திரியான பிரதானி திருமலைராயர் துள்ளி எழுந்தார். நட்டுவனாரைச் சபைக்கு அழைத்து வந்தவன், ராஜாவைச் சிரிக்கவைக்கும் விகடன் மருதையன். அவனைக் கண்டாலே பிரதானிக்கு வயிறு எரியும்.

“மகாராஜா! பிழை தாளத்தினுடையது. தங்கள் திருக்கரம் ஒரு வழி போக, இவர் வேறு வழியில் தட்டுகிறார். ராஜகரத்தை மீறி இந்த நாட்டில் இன்னொரு தாளமா?”

ராஜாவின் காதுக்கு அது தேனாக இருந்தது. “நாளை முதல் என் கை எப்போது விழுகிறதோ அப்போது தாளம் ஒலிக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் நட்டுவனார் மகளோடு நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான். மருதையா, அழைத்து வந்தவன் நீ. தவறினால் நீயும் கூடவே புறப்படு!” என்றார்.

வெளியே வந்ததும் கனகசபை மருதையனிடம் அழுதே விட்டார். “தம்பி, அவர் கைக்குத் தட்டினால் என் பெண் கால் ஒடிந்துபோகும். தட்டாவிட்டால் எங்கே போய் நிற்பேன்?”

“அண்ணே, கண்ணைத் துடையுங்கள். ஆட்டத்தின்போது மட்டும் என்று மகாராஜா சொன்னாரா? இல்லையே! விடிந்ததும் தாளத்தோடு வந்துவிடுங்கள்.”

மறுநாள் காலை ராஜா எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தார். தொடையில் எண்ணெயைத் தட்டினார். ஜிங்! திடுக்கிட்டுத் திரும்பினால் வாசற்படியில் கனகசபையும் மருதையனும் கைகட்டி நிற்காத குறையாக நிற்கிறார்கள்.

“என்ன இது?”

“தங்கள் ஆணை, மகாராஜா.”

ராஜா அவசர அவசரமாகக் குளித்து எழுந்தார். சாப்பிட உட்கார்ந்து சாதத்தில் கை வைத்தார். ஜிங்! அப்பளத்தை நொறுக்கினார். ஜிங்! ரசத்துக்குப் போவதற்குள் பசியே போய்விட்டது. பிற்பகல் அயல்நாட்டுத் தூதர் வந்தார். அன்போடு அவர் தோளில் கை போட்டார் ராஜா. ஜிங்! தூதர் எகிறிக் குதித்ததில் தலைப்பாகை உருண்டது. அந்த நேரம் பார்த்து ஓர் ஈ ராஜாவின் கன்னத்தில் உட்கார்ந்தது. அடித்தார். ஜிங்! ஈ தப்பிவிட்டது.

“போதும்!” என்று கர்ஜித்து, அரியணையில் அறையக் கையை ஓங்கினார் ராஜா. ஓங்கிய கை அப்படியே நின்றது. கனகசபை தட்டுகளைத் தயாராகப் பிடித்திருந்தார். சபை முழுதும் அந்தக் கையையே பார்த்தது. ராஜாவுக்குக் கையைக் கீழே இறக்கவே பயமாகிவிட்டது.

“இறக்குங்கள் மகாராஜா, நாங்கள் காத்திருக்கிறோம்,” என்றான் மருதையன், பணிவாக.

ராஜா தூக்கிய கையைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. “அடே மருதையா, ஒரு பகல் முழுக்க என் கைக்குத் தாளம் கேட்டேன். எனக்கே சகிக்கவில்லையே! அந்தப் பெண் இதற்கா ஆட வேண்டும்? ஆணை ரத்து. நட்டுவனாரே, இன்று மாலை உம்முடைய தாளத்துக்கு என் கை வரும்.”

மாலையில் மங்களவல்லி ஆடினாள். பாட்டு இனிக்க இனிக்க ராஜாவின் கை ஓடப் பார்த்தது. கனகசபையின் விரல்களைப் பார்த்துப் பார்த்து அதை அடக்கினார். வியர்த்தே போய்விட்டது. பிரதானி, பழக்கதோஷம், தலையை மட்டும் தாளத்துக்கு முன்னே தனியாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி அடியில் அவள் பாதம் இறங்கியது, தாளம் ஒலித்தது, ராஜாவின் கையும் தொடையில் விழுந்தது. மூன்றும் ஒன்றாக! ராஜாவால் நம்ப முடியவில்லை. பட்டம் கட்டிய அன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. முத்துமாலையைக் கழற்றி மருதையன் கழுத்தில் போட்டார், பட்டுச் சால்வையைக் கனகசபைக்குப் போர்த்தினார்.

“பார்த்தாயா மருதையா? விழுந்தது பார்த்தாயா?”

“பார்க்கவில்லை மகாராஜா,” என்றான் மருதையன். “கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கள் கை தனியாக விழுந்ததே தெரியவில்லை.”