முதுகு சொறியும் குச்சியும் ஆலமரத்துச் சந்தையும்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, கடை போடுவதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது ஓர் ஆலமரத்தடி. பேராசைக்காரக் கரடி ஒன்று அதை வளைத்துப் போட்டிருந்தது.

அதே காட்டில் உழைப்பாளியான மரங்கொத்தி ஒன்று வசித்தது. உண்ணிக்கடி அரிப்பில் தவித்த எருமைகளைப் பார்த்து, அது மூங்கிலைக் கொத்திக் கொத்தி முதுகு சொறியும் குச்சிகள் செய்தது. அவற்றை விற்றால்தான் கூட்டிலிருந்த நான்கு குஞ்சுகளுக்கும் இரை.

"இடம் இலவசம், தம்பி," என்றது கரடி, கடை போட இடம் கேட்டு வந்த மரங்கொத்தியிடம். "எருமைகள் ஒரு குச்சிக்குப் பத்து உண்ணி கொடுத்தால், அதில் மூன்று எனக்கு."

"கரடியாரே, நீங்கள் உண்ணி தின்பதில்லையே?"

"தின்னாவிட்டால் என்ன? என் இடம், என் பங்கு! முதலில், சரக்கைச் சோதிக்க நான் வைத்திருக்கும் உடும்பிடம் காட்டி அனுமதி வாங்கு."

உடும்புக்குப் பிடிவாதம் அதிகம். குச்சியை முகர்ந்து பார்த்தது, நக்கிப் பார்த்தது.

"ஏற்க முடியாது. இதற்குக் கால்கள் இல்லை."

"குச்சிக்கு எதற்கய்யா கால்?"

"காரணம் சொல்லும் வழக்கம் இங்கே இல்லை."

மரங்கொத்தி நான்கு கால்கள் செதுக்கி ஒட்டிக் கொண்டுவந்தது.

"கால் இருக்கிறதே, ஓடிப்போய்விடும். ஏற்க முடியாது."

நாரால் கால்களைக் கட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. அதற்குள் குஞ்சுகளுக்குப் பசியில் குரலே கம்மிப் போயிற்று.

குச்சிகள் மளமளவென்று விற்றுப் போயின. எருமைகள் சுகத்தில் கண்மூடி நின்றன. கரடியின் பங்கு உண்ணிகளோ நேராக அதன் ரோமத்துக்குள் குடியேறின! அரிப்புத் தாங்காத கரடி, மரங்கொத்தியின் குச்சியைப் பார்த்து அதேபோல் ஒன்று செய்தது. பிறகு அதையே நூறாகச் செய்து முன்வரிசையில் விற்பனைக்கு வைத்தது. மரங்கொத்தியின் கடையைப் பாம்புப் புற்றுக்குப் பின்னால் தள்ளிவிட்டது.

"இது நியாயமா? என் குஞ்சுகள் என்ன செய்யும்?"

"பிடிக்காவிட்டால் கிளம்பு. ஆனால் நீ எந்த மரத்தில் இருக்கிறாய் என்று எந்த எருமையிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் குற்றம்!"

மரங்கொத்தி கிளம்பியது. தன் மரத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், 'டொக்! டொக்! டொக்!' என்று கொத்தியது.

"அதைத் தடுத்து நிறுத்து!" என்று கரடி கத்தியது.

"சொல்லக் கூடாது என்றுதான் விதி. கொத்தக் கூடாது என்று விதி இல்லை," என்றது உடும்பு.

கரடியின் கரடுமுரடான குச்சியால் தோல் உரிந்திருந்த எருமைகள், சத்தம் வந்த திசையில் வரிசையாக நடந்தன. அவற்றின் பின்னால், அதே ஆலமரத்தடியில் கூடை விற்ற தூக்கணாங்குருவியும் கிழங்கு விற்ற முள்ளம்பன்றியும் கடையைச் சுருட்டிக்கொண்டு போயின. அன்று குஞ்சுகள் வயிறு புடைக்கத் தின்று ஏப்பம் விட்டன.

ஆலமரத்தடி காலியானது. சோதிக்க வேறு பொருள் கிடைக்காத உடும்பு, கரடியையே பிடித்துக்கொண்டது.

"விடு! நான் உன் முதலாளி!"

உடும்பு அதை மேலும் கீழும் பார்த்தது. "வால் போதாது. ஏற்க முடியாது," என்று முதலாளியைச் சந்தைக்கு வெளியே தள்ளியது.

நீதி: விற்பவர் வயிற்றில் அடித்தால் சந்தை மிஞ்சாது; வெறும் இடம்தான் மிஞ்சும்.