தேசம்மாவின் ஆணி

குருவுக்கு வயது நாற்பத்தி இரண்டு, சிஷ்யனுக்கு ஐம்பது. கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் கால்வாய்க்கரைத் தெருவில் எல்லாமே தலைகீழாகத்தான் நடக்கும்.

குரு, திலகவதி மேடம். மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, மிஷினில் அழுத்திக் கல் செய்து, சூளையில் சுடாமலே வீடு கட்டுகிற எஞ்சினியர். சிஷ்யர், ஆரோக்கியராஜ். காலமெல்லாம் கான்ட்ராக்டர்களிடம் காங்கிரீட் போட்டுவிட்டு, போதும் இந்தப் பிழைப்பு என்று மேடத்திடம் புதுத் தொழில் கற்க வந்தவர். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் மேடம் மேடம் என்று பின்னாலேயே போவார். நான் அங்கே டீக்கடை வைத்திருந்தேன். இரண்டு பேரும் பேசுவதெல்லாம் என் கடை பெஞ்சில்தான்.

விஷயம் இதுதான். எங்களைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்புவதென்று சர்க்கார் ஆபீஸில் முடிவாகிவிட்டது. பள்ளிக்கூடம், மார்க்கெட், வேலை எல்லாம் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில். அதை விட்டுவிட்டு எங்கே போவது? மேடம் நடையாய் நடந்து ஒரு வாய்ப்பு வாங்கி வந்தார். மாதிரிக்கு ஒரு மண்கல் வீடு. அதில் ஒருவர் குடியிருந்து, இதுவே போதும் என்று ஆபீஸரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் தெரு முழுக்க அதே இடத்தில் அதே மாதிரி வீடு. சொல்லாவிட்டால் லாரி.

குடியேறியவள் தேசம்மா. மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பவள். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அங்கேயே விழுந்து செத்தவன்.

வீடு அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பூசாத செம்மண் நிறச் சுவர். சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும். அந்த அழகைக் காப்பாற்ற ஆரோக்கியராஜ் சட்டம் போட்டார். பூசக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது.

தேசம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சார், அவரு படத்த மாட்டணும். ஒரு ஆணி அடிச்சிக்கிறேன்."

"மண்கல்லும்மா. உடைஞ்சிரும். பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"செத்தவரத் தரையில வெக்கக் கூடாது சார்."

"அரிசி டிரம் மேல வைங்க. கொஞ்ச நாள்தானே."

மேடம் பக்கத்தில்தான் நின்றார். சுவரை ஒரு முறை பார்த்தார். உள்ளங்கையால் அதைத் தடவிவிட்டு வெளியே போனார்.

காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். தேசம்மா சோறு தின்றுகொண்டிருந்தாலும் உள்ளே வந்து சுவரைத் தடவுவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஒரு நாள் யாரோ ஒருவரின் தோள்பை பட்டுப் படம் கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. அவர் ஸாரி சொல்லிவிட்டு மறுபடியும் சுவரைத் தடவப் போய்விட்டார்.

தேசம்மா படத்தை முந்தானையால் துடைத்தாள். அவளுடைய பழைய தகரக் குடிசையை இன்னும் பிரிக்கவில்லை. அன்றைக்கே அங்கே போய்ப் பழைய ஆணியில் படத்தை மாட்டிவிட்டு, அங்கேயே இருந்துவிட்டாள்.

ஆரோக்கியராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு நல்ல வீட்ட விட்டுட்டுத் தகரத்துக்குள்ள போய் வேகுறாங்களே. ஏன் மேடம்?"

மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுச் சுவத்துல என்னென்ன மாட்டியிருக்கீங்க?"

"காலண்டர். கடிகாரம். மாதா படம். அப்பா அம்மா கல்யாண போட்டோ."

"அவ்வளவுதானா?"

"சாவி மாட்டுற கொக்கி. எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. முதல்ல நாளைக்கு ஆபீஸர் வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

ஆபீஸர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். தெருவே கூடி நின்றது. தேசம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்த வீட்லயே இருக்கியாம்மா, இல்ல அடுக்குமாடிக்குப் போறியா?"

"அங்க செவுத்துல ஆணி அடிக்கலாமா சார்?"

ஆபீஸர் சிரித்தார். "உன் வீடு. எத்தன வேணா அடிச்சிக்க."

"அப்ப அங்கயே போறேன்."

தெருவே அவளைத் திட்டியது. நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மேடம் மட்டும் திட்டவில்லை.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடியில் சுவரெல்லாம் காங்கிரீட். ஆணி வளைந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. டிரில் மிஷினுக்கு தேசம்மா எங்கே போவாள்? மார்க்கெட் எட்டாத தூரமாகி அவள் வேலையும் போய்விட்டது. புருஷன் படம் இன்னும் அரிசி டிரம் மேல்தான் இருக்கிறது.

தெருவைக் காலி செய்த அன்று, கடைசி லாரி கிளம்பும் நேரம் நான் கடைப் பலகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தெருவில் மிச்சம் நின்றது மண்கல் வீடு மட்டும். வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று ஆபீஸே அதை இடிக்காமல் வைத்துக்கொண்டது.

ஆரோக்கியராஜுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு ஆணிக்காக ஒரு தெருவையே கவுத்துட்டாங்களே மேடம் அந்தம்மா."

மேடம் என்னிடம் சுத்தியலை வாங்கினார். பலகையிலிருந்து நான் பிடுங்கிப் போட்ட ஆணி ஒன்றையும் எடுத்துக்கொண்டார். நாங்களும் பின்னாலேயே வர, மண்கல் வீட்டுக்குள் போய், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், இரண்டு கல்லுக்கு நடுவே கலவை பூசியிருந்த இடத்தில் வைத்து அடித்தார். கொஞ்சம் மண் உதிர்ந்தது, அவ்வளவுதான். பிறகு ஆரோக்கியராஜின் தோளிலிருந்து பையை வாங்கி அதில் மாட்டினார். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் சாமான்களுமாகக் கனத்த பை. அது பாட்டுக்குத் தொங்கியது.

ஆரோக்கியராஜ் பையைக் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார், ஆணி அசையவில்லை.

"தாங்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"அப்ப அவங்க கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே."

மேடம் சுத்தியலை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் அந்தச் சுவர் வெறுமையா இருந்தாத்தான் பிடிச்சிருந்துது, ஆரோக்கியராஜ்."