வரைபடத்தில் இல்லாத மலை

மாணவருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தொன்று. யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்பதிலேயே ஆறு மாதம் ஓடிவிட்டது. பிறகு சிவனணைந்தான் ஜெசிந்தாவை ‘மேடம்’ என்றும், ஜெசிந்தா அவரை ‘சார்’ என்றும் கூப்பிடுவதாக ஏற்பாடாகி, ஆராய்ச்சி தொடங்கியது.

மாணவரான சிவனணைந்தான் கல்லூரியில் ஜியாலஜி நடத்துபவர்; முனைவர் பட்டத்துக்கு ஜெசிந்தா அவருடைய நெறியாளர். நரிக்கல் ஓடைக்கரையில் இருக்கும் மணற்பாறை எந்தெந்த மலைகளிலிருந்து உதிர்ந்த மணலால் ஆனது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். பாறையை இடித்து, சலித்து, அதிலிருந்து ஜிர்கான் என்ற சிறு துகள்களைப் பொறுக்குவார்கள். துகள் உருவான நாள் முதல் அதற்குள் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் அளந்தால் வயது தெரிந்துவிடும். அதே வயதுள்ள மலை எங்கே இருக்கிறதோ, அதுதான் துகளின் பிறந்த வீடு.

ஆறு வருட உழைப்பு. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் இரண்டு மாதம்தான். இனி ஒரு நாள்கூடத் தர முடியாது என்று பல்கலைக்கழகம் கடிதமும் அனுப்பிவிட்டது. அந்த நேரத்தில் சிவனணைந்தான் ஜெசிந்தாவின் அறைக்கு வந்து நின்றார்.

“மேடம், பத்தொன்பது துகளை நீக்கிருதேன்.”

“ஏன் சார்?”

“நூத்திப் பத்துல மிச்சமெல்லாம் பக்கத்து மலைகளோட ஒத்துப்போகுது. இந்தப் பத்தொன்பது மட்டும் நூத்தித் தொண்ணூறு கோடி வருஷம்னு காட்டுது. சுத்துவட்டாரத்துல அந்த வயசுல மலையே கிடையாது.”

“அதுக்காக நீக்கணுமா?”

சிவனணைந்தான் தலையைத் தடவிக்கொண்டார். மொட்டை போட்ட தலையில் முடி இன்னும் சரியாக வளரவில்லை.

“சல்லடையைக் கழுவினதும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்போம்லா, ஓட்டையில பழைய துகள் ஏதும் மாட்டியிருக்கான்னு? இதைச் சலிச்ச அன்னைக்குப் பார்த்தேனான்னு ஞாபகம் இல்ல மேடம். அம்மாவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள் அது. வேற பாறைத் துகள் கலந்திருக்கும். தப்பு என் மேலதான்.”

ஜெசிந்தா நீக்குங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிளம்புவோம். சம்மட்டியை எடுத்துக்கங்க.”

ஓடைக்கரையில் பழைய இடத்திலேயே பாறையை உடைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. சாக்கின் ஒரு காதை மாணவர் பிடிக்க, மறு காதை குரு பிடித்தார்.

“மறுபடி அந்த வயசு வரலைன்னா?” என்று நடந்துகொண்டே கேட்டார் சிவனணைந்தான்.

“நீக்கிருவோம்.”

“வந்தா?”

“வந்தாத்தான் சார் கஷ்டம். பதில் சொல்லணும்.”

ஆய்வகத்தில் புதுச் சல்லடை எடுத்தார்கள். சிவனணைந்தான் அதைக் கழுவி ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார்.

“நீங்க ஒரு தடவை பார்த்திருங்க மேடம்.”

“உங்க கண்ணு போதும் சார்.”

சொல்லிவிட்டு ஜெசிந்தா வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். பொல்லாத பெண்மணி. சிவனணைந்தான் நான்கு தடவை பார்த்தார்.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு துகள்கள். அதில் இருபத்தொன்றுக்கு அதே நூற்றுத் தொண்ணூறு கோடி.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிவனணைந்தான் அழுதுவிட்டார். தப்பு செய்யவில்லை என்ற நிம்மதிதான். அதற்கும் மனிதனுக்கு அழுகைதான் வருகிறது.

“அன்னைக்கும் சல்லடையைப் பார்த்துத்தான் இருக்கீங்க சார்,” என்றார் ஜெசிந்தா. “மனசு எங்கயோ இருந்தாலும் கை அது வேலையைச் செஞ்சிருக்கு.”

ஒப்படைக்க ஒன்பது நாள் இருக்கும்போது சிவனணைந்தான் கடைசி அத்தியாயத்தோடு வந்தார். முகம் மறுபடி வாடியிருந்தது.

“தேடாத மேப் இல்ல மேடம். அந்த வயசு மலை எங்கயும் இல்ல.”

“இருக்காது. கரைஞ்சு போயிருக்கும்.”

“அடியோடவா?”

“அடியோட.”

சிவனணைந்தான் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

“காரியமெல்லாம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், வீட்ல ஒவ்வொரு அறையாப் போய்ப் பார்த்தேன் மேடம். பைத்தியக்காரன் மாதிரி. அடுப்படி, பின்கட்டு, மச்சு. அம்மா எங்கயும் இல்ல.”

ஜெசிந்தா எழுந்து வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தியாயத்தைப் புரட்டி, ‘மூல மலை காணப்படவில்லை’ என்ற வரியில் விரலை வைத்தார்.

“இந்த ஒண்ணை மட்டும் மாத்திருங்க சார். காணலைன்னு எழுதாதீங்க. மணலா இங்க வந்திருச்சுன்னு எழுதுங்க.”