சக்கரத்தை விற்றவர்கள்

மொட்டணம்பாளையத்து நால்வரை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முட்டாளுக்குச் சொன்னது மண்டையில் ஏறாது. இவர்களுக்குச் சொன்னது சொன்னபடியே ஏறிவிடும். தொந்தரவே அதுதான்.

தலைவர் அர்த்தநாரி, காதுவரை முறுக்கிய மீசைக்காரர். தன் மாமனார் பெண் கொடுத்ததே மீசையைப் பார்த்துத்தான் என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மற்ற மூவர், தோப்பில் தேனீ வளர்க்கும் மாரப்பன், எம்.ஏ. படித்த தங்கவேல், எதையும் யோசித்துத்தான் பேசுவேன் என்று பேசாமலே இருக்கும் சின்னுசாமி.

பக்கத்து டவுனில் அமலதாஸ் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அவர் ஏழு ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி வைத்தார். ஊருக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு நாடு. தினமும் சாயங்காலம் முறை வைத்து ஆட வேண்டும். நெருப்பு, சக்கரம், எழுத்து, நெசவு, வெடிமருந்து என்று மொத்தம் முப்பது தொழில்நுட்பங்கள். முப்பதையும் முதலில் சேர்க்கிற நாடு ஜெயித்ததாகக் கணக்கு.

முதல் நாளே கருக்கம்பாளையத்து அணித்தலைவர் நாச்சிமுத்துவோடு அர்த்தநாரி பந்தயம் கட்டிவிட்டார். இரண்டு ஊரில் எது தோற்கிறதோ, அதன் தலைவர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க மீசையை எடுத்துவிட வேண்டும். பந்தயம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்கு அந்த முகத்தில் பிடித்தது அது ஒன்றுதான்.

திரையில் "உங்கள் முறை" என்று வந்தால் தங்கவேல் மரியாதைக்காரன் ஆகிவிடுவான். "நமக்கென்ன அவசரம், அவங்க முதல்ல ஆடட்டும்" என்று முறையை விட்டுக்கொடுப்பான். இருபது நாள் இப்படியே போயிற்று. மற்ற நாடுகளில் குதிரைப்படையும் கோட்டையும் வந்துவிட்டன. நம்மவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, தேனீ வளர்ப்பு. அதுவும் மாரப்பன் ஆசைப்பட்டு ஒரு நாள் அழுத்தியதால் வந்தது.

அமலதாஸுக்கே மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க, இப்படிப் பின்தங்கிட்டா மீசை போயிருமுங்க. வியாபாரம் பண்ணிப் பிடிங்க. உங்ககிட்ட இருக்கற டெக்னாலஜியை ஒருத்தருக்குக் குடுத்து, அவருதை வாங்குங்க. வாங்குனதை இன்னொருத்தருக்குக் குடுத்து வேற வாங்குங்க. அப்படியே போனா எல்லாத்தையும் எட்டிப் பிடிச்சிரலாம்."

நால்வரும் வெளியே வந்து புங்கமரத்தடியில் ஆலோசனை செய்தார்கள்.

"குடுத்துட்டா அது நம்மளுது இல்லீங்களே, அண்ணா?" என்றான் மாரப்பன்.

"ஆமா. மாட்டை வித்துட்டுப் பாலும் கறக்கலாமா? வித்தா வித்ததுதான்" என்றார் அர்த்தநாரி.

சின்னுசாமி ஆழமாக யோசித்துவிட்டு, "நாணயம் முக்கியமுங்க" என்றான். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் தேனீ வளர்ப்பை ஒரு ஊருக்குக் கொடுத்துச் சக்கரத்தை வாங்கினார்கள். உடனே மற்ற ஐந்து ஊரும் ஓடி வந்தன. அந்த உதவாத தேனீ வளர்ப்பை யாருமே சேர்த்திருக்கவில்லை. முப்பது சேர வேண்டுமானால் அதுவும் வேண்டும். "எங்களுக்கும் குடுங்க" என்று கெஞ்சினார்கள். "அது வித்துப்போச்சுங்க, சக்கரம் இருக்குது, பாக்கறீங்களா?" என்றார் அர்த்தநாரி. மாரப்பன் ஊருக்குப் போய்த் தன் தேனீப் பெட்டிகளின் மூடிகளைக் கழற்றி, "இனி உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லை" என்று கண்ணீரோடு சொன்னான். தேனீக்கள் அவனை இரண்டு இடத்தில் கொட்டி விடைபெற்றன.

அடுத்த நாள் சக்கரத்தை விற்று எழுத்தை வாங்கினார்கள். வந்தது இரண்டு மொபெட்டில். போகும்போது சிக்கல்.

"இதுக்கு ரெண்டு சக்கரம் இருக்குதுங்களே" என்றான் தங்கவேல்.

"தொடாதே. ஊரான் சொத்து" என்றார் அர்த்தநாரி.

"உருட்டக் கூடாதுங்க. தூக்கலாமுங்க" என்றான் சின்னுசாமி. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஆறு கிலோமீட்டரும் மொபெட்டுகளைத் தோளில் சுமந்து போனார்கள். எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று கேட்டார். "இல்லீங்க, சக்கரம் தீர்ந்துபோச்சு" என்றார்கள். அவர் சக்கரத்தைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், கியரைப் போட்டார்.

பிறகு எழுத்தும் விற்றுப்போனது. தங்கவேலுக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. தபால்காரர் நீட்டிய பேனாவை அவன் வாங்கவில்லை, கைநாட்டு வைத்தான். தபாலில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அது மட்டுமில்லை, சென்டரில் திரையைப் படிக்கவும் இனி ஆளில்லை. அமலதாஸ் படித்துச் சொல்ல, இவர்கள் தலையாட்டினார்கள்.

நெருப்பை விற்ற அன்று அர்த்தநாரி வீட்டில் பெரிய ரகளை. சுடச்சுடச் சோறு போட்ட மனைவி பழனாத்தாளிடம் அவர் தட்டைத் தள்ளிவிட்டு, "இதுல நெருப்பு பட்டிருக்குது" என்றார்.

"படாம எப்படீங்க வேகும்?"

"வேகக் கூடாது."

பழனாத்தாள் ஊறவைத்த அரிசியையும் ரெண்டு வெண்டைக்காயையும் தட்டில் போட்டுவிட்டு, மீசையைத் தான் கட்டிக்கொண்ட நாளைச் சபித்தாள்.

இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கி, பேரம் படியாத நாளும் சேர்த்து முப்பத்தைந்து நாள் ஓடின. நெசவை விற்கும் முறை வந்தபோது நால்வருக்கும் கொஞ்சம் கலக்கம். ஆனால் கப்பல் தருகிறேன் என்று ஒரு ஊர் ஆசை காட்டியது. மீசையா, வேட்டியா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. மீசை ஜெயித்தது. அன்று மொட்டணம்பாளையத்துக்குள் நால்வரும் வாழையிலையைச் சுற்றி, வாழை நாரால் கட்டிக்கொண்டு நடந்து வந்தார்கள். பசுமாடுகள் மட்டும் அவர்களை அன்போடு பின்தொடர்ந்தன.

மறுநாள் கடைசியாகக் கப்பலைக் கொடுத்து வெடிமருந்தை வாங்கினார்கள். அடுத்த நொடி கம்ப்யூட்டரில் மேளதாளம் முழங்கியது. அமலதாஸ் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"முப்பதும் சேர்ந்திருச்சுங்க! நீங்கதான் ஜெயிச்சீங்க! இந்த விளையாட்டுல ஒருத்தருக்குக் குடுத்தாலும் நம்மகிட்டயும் இருக்குமுங்க. அடேங்கப்பா, என்ன மூளை உங்களுக்கு!"

நால்வருக்கும் வேர்த்துவிட்டது.

"அப்ப வித்ததெல்லாம் நம்ம வீட்டுலயேவா இருக்குது?" என்றான் மாரப்பன்.

"இருபத்தொம்பது திருட்டுச் சாமானுங்க" என்றான் தங்கவேல்.

"இந்த வெற்றி நமக்கு ஆகாதுடா. யாருக்காவது தள்ளி விட்டுரணும்" என்றார் அர்த்தநாரி.

பக்கத்து நாற்காலியில் மீசையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவின் காதில் இது விழுந்தது. மெல்ல எழுந்து வந்தார்.

"உங்க வெற்றியை எனக்குக் குடுங்க. என் தோல்வியை உங்களுக்குத் தர்றேன்."

நால்வரும் தலைகளை ஒன்றாகக் குவித்துக்கொண்டார்கள்.

"நம்மகிட்டத் தோல்வி ஒண்ணுகூட இல்லீங்ண்ணா" என்றான் தங்கவேல்.

"அதான் சொல்றேன். வெற்றி நம்ம கையில இருக்குது. தோல்வியில நாம ரொம்பப் பின்தங்கிட்டோம்" என்றார் அர்த்தநாரி. ஆனாலும் முப்பத்தைந்து நாள் வியாபாரம் செய்த ஆள் அவர். சும்மா விடுவாரா? நாச்சிமுத்து பக்கம் திரும்பினார். "ஏனுங்க, வெற்றி பெரிய சாமான். வெறும் தோல்விக்குக் கட்டுப்படி ஆகாதுங்க. மேல ஏதாச்சும் போட்டுக் குடுங்க."

நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்தார். "தோத்தா ஒரு மீசைதானுங்க எடுக்கோணும். உங்களுக்காக மூணு மீசையா எடுக்கச் சொல்றேன். போதுமுங்களா?"

"எழுதி வாங்கிக்கலாமா?" என்றான் மாரப்பன். எழுத்து விற்றுப்போனது ஞாபகம் வந்து, கையடித்து முடித்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிட்டது. நாவிதர் அர்த்தநாரி, மாரப்பன், தங்கவேல் மூவரையும் வரிசையாக வழித்தார். சின்னுசாமி முகம் மட்டும் வாடியிருந்தது. அவனுக்கு மீசையே முளைத்ததில்லை.

"எல்லாருக்கும் கிடைச்சுது, எனக்கு மட்டும் ஒண்ணுமில்லீங்களா?" என்றான்.

அர்த்தநாரிக்குப் பொறுக்கவில்லை. நாச்சிமுத்துவோடு மறுபடி பேரம் பேசி, வாதாடி, சின்னுசாமிக்கு இரண்டு புருவமும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

நால்வரும் வாழையிலை சரசரக்க ஊருக்குத் திரும்பினார்கள். வாசலில் நின்ற பழனாத்தாள் தன் வீட்டுக்காரரை அடையாளம் தெரியாமல், "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். அர்த்தநாரி இலையை இழுத்துக் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரே ஒரு வெற்றியைக் குடுத்துட்டு, ஒரு தோல்வி, மூணு மீசை, ரெண்டு புருவம், ஆக ஆறு உருப்படி வாங்கிட்டு வந்திருக்கறேன் பழனாத்தா. உங்கப்பன்கிட்டச் சொல்லு!"